ஜன்னல் பக்கத்துக் கன்னம்

என் மூலையை எவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நான் சபதம் செய்தது ஒரு தோல் டாக்டரின் அறையில். சபதம் செய்யத் தோதான இடமில்லைதான். ஒரு பக்கச் சுவரில் பூதாகாரமான ஒரு மயிர்க்காலின் படம். இன்னொரு பக்கம் எடை பார்க்கும் மிஷின். ஆனால் ஆபத்து எங்கே வருகிறதோ அங்கேதான் மனிதன் சபதம் செய்ய முடியும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டா செய்வார்கள்?

மூலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. மேற்கே ஒரே ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலை ஒட்டி என் மனைவியின் தையல் மிஷின். அதற்கு நேர் எதிர் மூலையில், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில், மின்விசிறிக்குக் கீழே என் சாய்வு நாற்காலி. ஜன்னல் வழியாக நுழைகிற காற்று மனைவியைத் தாண்டி, அவள் தைத்துப்போட்ட ரவிக்கைகளைத் தாண்டி, நேராக என் வயிற்றில் வந்து இறங்கும். நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கடை ஒன்றிலிருந்து நாலு வரை மதியச் சாப்பாட்டுக்கு அடைப்பு. பத்து நிமிட நடை. வந்து, சாப்பிட்டு, பேப்பரை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்தேன் என்றால் மூன்றே முக்காலுக்குத்தான் எனக்கு உலகம் மறுபடி தெரியும்.

இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த மூலை ஒன்றுதான். அலமாரியில் ஒரு தட்டு கொடுத்திருந்தார்கள். அதிலும் இப்போது பாவாடை நாடா இருக்கிறது.

கடையில் எனக்குப் பெயர் ‘ஷேடு’. யாராவது உடைந்த ஓட்டுத் துண்டையோ, ஒரு சட்டைப் பித்தானையோ கொண்டுவந்து “இதே கலர் வேணும்” என்பார்கள். ஒரு பார்வை பார்ப்பேன். வெள்ளையில் மஞ்சள் இத்தனை சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு. முடிந்தது. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் மிஷினும் வாங்கி வைத்திருக்கிறார். அது கலர் சொன்ன பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பத்தாயிரம் கலரைப் பிரித்துச் சொல்லும் கண் இது.

அப்பேர்ப்பட்ட கண், தன் மனைவியின் முகத்தில் மங்கு விழுந்ததை ஒரு வருடம் பார்க்கவில்லை என்பது அவளுடைய குற்றச்சாட்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்ததாம். இரண்டு கன்னத்திலும் பழுப்பாகத் திட்டு. மேலுதட்டுக்கு மேலே ஒரு கோடு. இடது கன்னத்தில் கூடுதல். பார்த்த பிறகு நான் சும்மா இருந்தேனா? இல்லை. சுவரில் கறை விழுந்தால் என்ன செய்வோம்? சுரண்டுவோம், காரம் போட்டுக் கழுவுவோம், மேலே ஒரு கோட்டு அடிப்போம். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னேன். சொரசொரப்பான துண்டால் அழுத்தித் துடைக்கச் சொன்னேன். கடைசியில், கடைக்கு வரும் பெயிண்டிங் கான்ட்ராக்டர் ஒருவர் தன் சம்சாரத்துக்கு வாங்கியதாகச் சொன்ன ட்யூபை நானே மெடிக்கலில் வாங்கிவந்தேன். இரண்டு வாரம் முகம் பளபளத்தது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். ஐந்தாவது வாரம் சிவந்தது. ஏழாவது வாரம் முன்பைவிடக் கறுத்தது. காலரை இறக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரையாவது பிடித்து உள்ளே தள்ளவேண்டும் என்று காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

“உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?”

“இருந்துச்சு டாக்டர். சித்திக்கும் இருக்கு.”

“அவங்க வீட்டுச் சீர்ல எனக்கு முழுசா வந்து சேர்ந்தது இது ஒண்ணுதான்” என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

“இதுவரைக்கும் என்ன போட்டீங்க?”

மனைவி பையிலிருந்து ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சந்தனத்திலிருந்து செங்கல்லுக்கு மாறியது.

“யார் கொடுத்தா இதை?”

மனைவி கண்ணால் என்னைக் காட்டினாள்.

“நீங்க டாக்டரா?”

“இல்லைங்க. பெயிண்ட்.”

“இதுல ஸ்டீராய்டு இருக்கு. முதல்ல வெளுக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, செவந்து, இருந்ததைவிட மோசமாயிடும். கேட்டு வாங்கிட்டு வந்து முகத்துல பூசற சாமானா இது? தேய்ச்சீங்களாம்மா?”

“இவர்தான் சொன்னாரு டாக்டர், சுரண்டாம அடுத்த கோட்டு ஒட்டாதுன்னு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோட்டு உரிந்தது. “சார், இது அழுக்கு இல்ல. மேல ஒட்டின கறையும் இல்ல. தோலுக்குள்ள நிறம் தயார் பண்ற செல் அளவுக்கு மீறி வேலை செய்யுது. வெயில் பட்டா இன்னும் செய்யும். அடுப்புச் சூடு பட்டாலும் செய்யும். நீங்க தேய்ச்சா அதுக்கும் சேர்த்துச் செய்யும்.”

ஒருவர் சும்மா இருக்கச் சொன்னாலும் கேட்காமல் வேலை செய்துகொண்டே இருப்பது என் மனைவியின் குணம். அவளுடைய செல்லும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

“இடது கன்னத்துல ஏன் ஜாஸ்தியா இருக்கு? பகல்ல எங்க உட்காருவீங்க?”

“தையல் மிஷின்ல.”

“ஜன்னல் எந்தப் பக்கம்?”

“இடது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்கிற மாதிரி. “மிஷினை அங்கேர்ந்து நகர்த்துங்க.”

நகர்த்துவதற்கு எங்கள் முன்னறையில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அந்த விநாடியில்தான் நான் மேலே சொன்ன சபதத்தைச் செய்தேன்.

“வீட்டுக்குள்ள ஏது டாக்டர் வெயில்?” என்றேன்.

“ஜன்னல் வழியா வந்தா அதுக்குப் பேரு நிலாவா?” என்றார் டாக்டரம்மா. பிறகு எழுத ஆரம்பித்தார். காலையில் வெயில் தடுப்புக் கிரீம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகம் முழுக்க. வீட்டுக்குள் இருந்தாலும் போடவேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். இரவு வேறொரு கிரீம், திட்டின் மேல் மட்டும், பன்னிரண்டு வாரம். அதற்கு மேல் தன்னைக் கேட்காமல் ஒரு நாள்கூடக் கூடாது. பத்திலிருந்து நாலு வரை வெயிலில் நடக்கக்கூடாது.

“அதுக்கப்புறம் சுத்தமாப் போயிடுமா டாக்டர்?” என்று மனைவி கேட்டாள்.

“நல்லாக் குறையும். போயிடுச்சேன்னு திரும்ப வெயில்ல உட்கார்ந்தா அதுவும் திரும்பி வரும். இது விரட்டற சமாசாரம் இல்லம்மா, அடக்கி வைக்கிற சமாசாரம்.”

அடக்கி வைக்கிறதில் என் மனைவிக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம்கூடக் கழுவவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு என் மூலையை அளந்தாள்.

“என்ன பண்றே?”

“மிஷின் உள்ள அடங்குமான்னு பார்க்கறேன்.”

“வேற இடமே இல்லையா?”

“நீங்களே சொல்லுங்க. சமையல் ரூம்ல அடுப்பு. உள் ரூம்ல கட்டிலைச் சுத்தி நடக்கவே ஒருக்களிச்சுத்தான் போகணும். குளிக்கற இடத்துல தைக்கவா?”

“பல பேர் தைக்கறாங்க.”

“யாரு?”

எனக்கு யாரையும் தெரியவில்லை. 

“சரி, ஒண்ணு பண்ணலாம்” என்று அவளே இறங்கி வந்தாள். “ஜன்னலுக்குக் கனமா ரெண்டடுக்குத் திரை தைச்சுப் போட்டுடறேன். வெயில் வராது. நான் லைட்டைப் போட்டுட்டு இங்கயே தைக்கறேன். உங்க மூலை உங்களுக்கு.”

நல்ல புத்தி உள்ளவன் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பான். நான் எகிறினேன்.

“திரையா? திரை போட்டா காத்து எப்படி வரும்? மூடி வைக்கிறதுக்கு நான் என்ன பீங்கான் சாமானா?”

“காத்து வேணுங்கறீங்க.”

“காத்து இல்லாம என்னால ஒரு நிமிஷம் கண்ணை மூட முடியாது.”

“திரை வேண்டாங்கறீங்க.”

“இந்த வீட்ல திரைங்கிற பேச்சே இருக்கக்கூடாது!”

அவள் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டாள். என் மனைவி ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டால் அது திரும்பி வெளியே வர நாளாகும். ஆனால் ஒரு எழுத்துக் குறையாமல் வரும்.

“அப்ப ஒரு பந்தயம்” என்றாள். “பன்னண்டு வாரம் நான் மூலைல. நீங்க ஜன்னல்கிட்ட. மங்கு குறையலைன்னா மிஷினை நானே திரும்பத் தூக்கிட்டு வந்துடறேன். அப்புறம் ஜன்மத்துக்கும் அந்த மூலைப் பக்கம் வரமாட்டேன்.”

“குறைஞ்சா?”

“மூலை எனக்கு. ஜன்மத்துக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடத்துக் கறை, இரண்டு விரல் கிரீமுக்குப் போகப்போகிறதாம்! “குறைஞ்சுதா இல்லையான்னு யார் சொல்றது?”

“நீங்கதான். கலர் பார்க்கறதுல உங்களை மிஞ்ச இந்த ஊர்ல ஆள் இருக்கா?”

கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்கவேண்டும்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஓர் அட்டை தயார் செய்தேன். ஏழு கட்டம். முதல் கட்டம் அவள் காதுக்குக் கீழே உள்ள சுத்தமான தோலின் நிறம். கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போகும். வீட்டில் அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறாம் கட்டம். அச்சு அசல். நாலாம் கட்டத்துக்கு இறங்கினால் அவள் ஜெயித்தாள். ஐந்தோடு நின்றால் நான் ஜெயித்தேன். நிபந்தனை எழுதப்படாமலே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இங்கே என் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கடையில் ஒருவருக்குக் கலர் கலந்தால், அதை ஓர் அட்டையில் தடவிக் காயவைத்து, நடுவே கோணல்மாணலாகப் பல் பல்லாக வெட்டிவிடுவோம். ஒரு பாதி எங்களுக்கு. ஒரு பாதி அவருக்கு. பின்னால் கையெழுத்து. நாளைக்கு “நான் கேட்ட கலர் இது இல்ல” என்று அவர் சண்டைக்கு வந்தால், இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்போம். பல்லோடு பல் பொருந்தவேண்டும். நிறத்தோடு நிறம் பொருந்தவேண்டும். இந்த வழக்கத்தைப் பற்றி நான் வீட்டில் நூறு தடவையாவது பெருமை பேசியிருப்பேன்.

எனவே அந்த அட்டையையும் நீளவாக்கில் பல் வைத்து வெட்டினேன். ஏழு கட்டமும் இரண்டு பாதியிலும் வந்தன. கையெழுத்துப் போட்டு ஒரு பாதியை அவளிடம் நீட்டினேன். “பத்திரமா வெச்சுக்கோ. வெளிச்சம் படாத அட்டை நிறம் மாறாது. தொழில் தர்மம்!”

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மிஷின் மேல் சிக்கலாகக் கிடந்த கறுப்பு நூலை எடுத்து அந்த அட்டையிலேயே சுற்ற ஆரம்பித்தாள்.

“அதுல ஏன் சுத்தறே?”

“நூல் சுத்த அட்டை தேடிட்டிருந்தேன். தோதா இருக்கு.”

என் கலர், என் கையெழுத்து, என் தொழில் தர்மம் எல்லாம் நூலுக்கு அடியில் போயின. இவ்வளவுதான் இவளுக்குத் தெரிந்த மரியாதை என்று ஏளனமாக நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி ஜன்னலுக்குப் போனது. பேப்பரில் வெளிச்சம் விழவேண்டும் என்று வலது பக்கம் ஜன்னல் இருக்கிற மாதிரி போட்டுக்கொண்டேன். இரண்டு மணிக்கு வெயில் என் முழங்காலில் ஏறும். இரண்டரைக்குத் தோளில். மூன்று மணிக்குக் கன்னத்தில் வந்து குடியேறிவிடும். மூலையில் என் மின்விசிறிக்குக் கீழே அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைப்பாள்.

முதல் வாரமே கிரீம் ட்யூபோடு வந்து நின்றாள்.

“நீங்களும் ரெண்டு விரல் போட்டுக்குங்க. எனக்கு ஆனது உங்களுக்கும் ஆகும்.”

“நான் ஆம்பளை.”

“அது வெயிலுக்குத் தெரியுமா?”

“முகத்துல கிரீம் பூசிட்டுக் கடைக்குப் போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“மேற்குப் பார்த்த சுவருக்கு வெயில் தாங்கற பெயிண்ட் ரெண்டு கோட்டு கட்டாயம் அடிக்கணும்னு வர்றவங்ககிட்டல்லாம் நீங்கதானே சொல்றீங்க?”

“அது சுவர்டி!”

“உங்க முகம் அதைவிட மட்டமா?”

பேப்பரை விரித்துக்கொண்டேன். மட்டமானவர்களோடு வாக்குவாதம் செய்வதில்லை.

“சரி, கடைக்குப் போறப்பயாவது குடை பிடிச்சுக்குங்க.”

“வெயிலுக்குக் குடை பிடிக்கிற ஆம்பளை நான் இல்ல. செத்தாலும் பிடிக்கமாட்டேன்.”

“செத்தாலும் பிடிக்கமாட்டீங்க” என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாள். அதையும் காதில் வாங்கிக்கொண்டாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அளவு. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் அவளை நிறுத்தி என் பாதி அட்டையைக் கன்னத்தில் வைப்பேன். நாலு வாரம் வரை ஆறு. ஐந்தாவது வாரம் எனக்குக் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது போலிருந்தது. ஆறாவது வாரம் தூசி இல்லை. ஐந்து. சந்தேகமில்லாமல் ஐந்து.

“எவ்வளவு?” என்றாள்.

“ஆறு” என்றேன்.

“ஐயோ” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய், ரவிக்கை அளவு எழுதும் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். பாவம், தன் தோல்வியைத் தானே எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

ஆனால் வாயால் ஆறு என்று சொல்லி எத்தனை நாள் ஓட்டமுடியும்? அவளுக்கும் கண் இருக்கிறது. அட்டையைப் பிடுங்கி அவளே வைத்துப் பார்த்துவிட்டால்? திங்கட்கிழமை கடையில் எனக்கு அந்த யோசனை பிறந்தது. நானே என் முதுகில் தட்டிக்கொண்ட யோசனை. அவள் முகம் வெளுக்கிற அளவுக்கு என் அட்டையையும் வெளுக்க வைத்துவிட்டால்? இரண்டும் சேர்ந்து வெளுத்தால் ஆறு என்றைக்கும் ஆறாகவே இருக்கும்!

புதிதாக ஓர் அட்டை கலந்தேன். எல்லாக் கட்டமும் ஒரு சொட்டு வெளுப்பு. பழைய பாதியின் மேல் வைத்துப் பல்லை வரைந்து, அதேபோல வெட்டி, பின்னால் அதே கையெழுத்தைப் போட்டேன். ஏழாவது ஞாயிறு அவள் கன்னத்தில் வைத்தேன். ஆறு! கையோடு அவளிடமே கொடுத்தேன். “நீயே பார்த்துக்கோ. என்மேல பழி போடாதே.”

அவள் அட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூக்குக்கு அருகே கொண்டுபோய்க்கூடப் பார்த்தாள். “ஆமாங்க. ஆறுதான்” என்றாள்.

ஒன்பதாவது வாரம் இன்னொரு அட்டை. பதினொன்றாவது வாரம் இன்னொன்று. ஒரு வீட்டுக்கே வெளிப்பூச்சு அடிக்கிற அளவுக்கு உழைத்தேன். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “என்னடி இப்படிப் பளிச்சுன்னு ஆயிட்டே!” என்று வாசலில் நின்று கேட்டதை நான் உள்ளிருந்து கேட்டேன். அந்த அக்காவுக்குக் கலர் பற்றி என்ன தெரியும் என்று அலட்சியம் செய்தேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு வந்தது. தீர்ப்பு நாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். கன்னத்தில் அட்டையை வைத்தேன். தொண்டையைக் கனைத்தேன்.

“ஆறு! வந்த இடத்துலயே நிக்குது உன் மங்கு. வைத்தியம், கிரீம், டாக்டர் எல்லாம் பம்மாத்துன்னு அன்னிக்கே சொன்னேன். மிஷினைக் கிளப்பு.”

சொல்லிக்கொண்டே நாற்காலியின் ஒரு முனையைத் தூக்கியும்விட்டேன்.

“இருங்க” என்றாள். “வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? ரெண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்துடலாம்.”

“எந்த ரெண்டு பாதி?”

அவள் மிஷின் பெட்டியிலிருந்து கறுப்பு நூல்கண்டை எடுத்தாள். உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். நூல் தரையில் குவியக் குவிய, உள்ளே என் அட்டை வெளியே வந்தது. நேற்றுக் காய்ந்தது போலப் புத்தம்புதுசாக இருந்தது. நாற்காலியை மெல்லக் கீழே இறக்கினேன்.

இரண்டு பாதியையும் சேர்த்துவைத்தாள். தினமும் துணி வெட்டுகிறவளின் கண். “பல்லு சேரலையே. நாலாவது பல்லுல நூலளவு இடிக்குது” என்றாள். பல்லாவது பரவாயில்லை. என் ஆறு அவளுடைய நாலு பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, கூடப்பிறந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. தன் பாதியைக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். நாலு. இல்லை, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்.

“உன் பாதி பழசாகிக் கறுத்துப்போச்சு!” என்று கத்தினேன்.

“பன்னண்டு வாரமா நூலுக்குள்ள இருந்தது. வெளிச்சம் படாத அட்டை நிறம் மாறாதுன்னு யாரோ சொன்னாங்களே, யாருங்க அது?”

யாரென்று எனக்குத் தெரியும்.

“எப்ப கண்டுபிடிச்சே?”

“ஏழாவது வாரம். ஒண்ணரை மாசத்துப் பழைய அட்டையில ஏதுங்க பெயிண்ட் வாசனை?”

“அப்பவே கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா நிறுத்தியிருப்பீங்க. எனக்கு இன்னொரு அளவு பாக்கி இருந்தது.”

ரவிக்கை நோட்டைப் பிரித்து நீட்டினாள். ஒரு பக்கத்தில் மார்புச் சுற்று, தோள், கை நீளம். எதிர்ப்பக்கத்தில் ‘அவர்’ என்று தலைப்பு. கீழே, ‘இடது கன்னம் 2, வலது கன்னம் 2’. அது முதல் வாரம். நாலாவது வாரம் இடது 2, வலது 3. எட்டாவது வாரம் இடது 2, வலது 4. முந்தின நாள் இடது 2, வலது 5.

“என்னை எப்ப அளந்தே?”

“தினம் மூணு மணிக்கு வாயைத் திறந்துட்டுத் தூங்கறீங்களே, அப்ப மாசத்துக்கு ஒரு தடவை. நூலைப் பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்பச் சுத்திடுவேன்.”

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வலது கன்னத்தில், ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில், பழுப்பாக ஒரு திட்டு. பத்தாயிரம் கலரைப் பிரித்துச் சொல்லும் கண் தினமும் அந்தக் கண்ணாடியில்தான் சவரம் செய்துகொண்டது.

ஒரு மணி நேரம் அவமானமாக இருந்தது. பிறகு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எனக்கும் மங்கு! அப்படியானால் எனக்கும் அதே வைத்தியம்தானே? டாக்டரே சொன்னால் இவள் பந்தயமாவது, ஜன்மமாவது! என்னை ஜன்னலிலிருந்து நகர்த்தித்தான் ஆகவேண்டும். நகர்த்துவதற்கு முன்னறையில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. நான் துள்ளாத குறை.

மறுநாள் காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரம்மாவிடம் போனேன். வலது கன்னத்தை ஒரு பரிசு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“மங்குதான்” என்றார். “ஆண்களுக்குக் கம்மி. ஆனா வரும். வெயில்ல தோலும் கொஞ்சம் கருகியிருக்கு. பகல்ல எங்க உட்காருவீங்க?”

“ஜன்னல்கிட்ட டாக்டர்” என்றேன் உற்சாகமாக. “ஜன்னல் வலது பக்கம்!”

“உங்க மனைவிக்கு நான் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?”

“அதை விடுங்க டாக்டர். ஒண்ணு எழுதிக் கொடுங்க. ‘ஜன்னல்கிட்ட உட்காரக்கூடாது. மூலையில், மின்விசிறிக்குக் கீழே உட்காரவேண்டும்.’”

“மின்விசிறி எல்லாம் நான் எழுதறதில்ல.”

மின்விசிறியை விட்டுவிட்டு மற்றதை எழுதினார். ஜன்னல் வெயில் கூடாது. பத்திலிருந்து நாலு வரை வெளியே நடக்கக்கூடாது. இரண்டு விரல் கிரீம். அதே பன்னிரண்டு வாரம்.

வீட்டுக்கு வந்து சீட்டை அவள் மடியில் போட்டேன். “படி. பந்தயம் பெரிசா, டாக்டர் பெரிசா?”

அவள் நிதானமாக இரண்டு தடவை படித்தாள். “டாக்டர்தான் பெரிசு. மீறக்கூடாது.”

“அதான்! மிஷினைக் கிளப்பு.”

“பத்துலேர்ந்து நாலு வரைக்கும் வெளியே நடக்கக்கூடாதுன்னு போட்டிருக்கே.”

“போட்டிருக்கு.”

“அப்ப ஒரு மணிக்குக் கடையிலேர்ந்து வீட்டுக்கு எப்படி வருவீங்க?”

இது நான் யோசிக்காத ஒன்று.

“குடை பிடிச்சுட்டு வரேன்.”

“செத்தாலும் பிடிக்கமாட்டேன்னீங்க. உங்க சாவுக்கு நான் காரணமாகணுமா?”

“சரி, ஞாயித்துக்கிழமைக்காவது அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போடேன்!”

“காத்து எப்படிங்க வரும்? இந்த வீட்ல திரைங்கிற பேச்சே இருக்கக்கூடாதில்ல?”

ஒரு எழுத்துக் குறையவில்லை. அப்போதுதான் கவனித்தேன். ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது.

“நாற்காலி எங்கே?”

“நீங்க டாக்டர்கிட்ட கிளம்பினதுமே உங்க முதலாளிக்குப் போன் பண்ணிட்டேன். டாக்டர் என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்க கலர் கலக்கற பின் ரூம்ல ஜன்னலே கிடையாதாமே! பத்துலேர்ந்து நாலு வரைக்கும் அங்கயே இருந்துக்கட்டும்னு சொல்லிட்டார். சந்தோஷமா இருந்தார். மதியத்துல வர்ற கான்ட்ராக்டர்ங்க இனிமே திரும்பிப் போகவேண்டாமாம். சாப்பாடு கேரியர்ல வந்துடும். நாற்காலியை வெயிலுக்கு முன்னாடியே வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். மதியம் நீங்க படுக்கணுமில்ல?”

நாற்காலியையாவது அனுப்பினாளே என்று எனக்கு நெகிழ்ந்துவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை, அவள் நீட்டிய ட்யூபிலிருந்து இரண்டு விரல் பிதுக்கிப் பூசிக்கொண்டு, வெள்ளை அடித்த சுவர் மாதிரி கடைக்குப் போனேன். ஒரு மணி ஆனதும் கேரியரை எடுத்துக்கொண்டு பின் ரூமுக்குள் நுழைந்தேன். இருட்டு. குளிர்ச்சி. மேஜை மேல் சின்ன விசிறி. நடுவில் என் நாற்காலி. அதில் முதலாளி படுத்திருந்தார்.

“வாய்யா ஷேடு” என்றார், எழுந்திருக்காமல். “சம்சாரம்னா உன் சம்சாரம்! நாற்காலி என்னமா இருக்கு தெரியுமா? அந்த மூணு டின்னையும் கலந்துடு. கலக்கறப்ப சத்தம் வராம பார்த்துக்கோ. அதுக்கு முன்னாடி அந்த விசிறியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிடு.”

திருப்பினேன்.